உறுமல்

மணியை நன்றாகத்தான் வளர்க்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சென்னையில் ஞாயிறுதோறும் நாய்ப் பூங்காவுக்குப் போவோம். லேப்ரடார், பீகிள், ஹஸ்கிக்கு நடுவே இவன் ஒருவன்தான் தெருவிலிருந்து தூக்கிவந்த நாட்டு நாய். வேறு நாய் நேராக முகத்துக்கு முன்னால் வந்து நின்றால் உறுமுவான். உடனே நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். "ப்ரோ, உங்க டாக் அக்ரெசிவா?"

எனக்குக் கூசிப்போகும். உறுமும்போதெல்லாம் கழுத்துப்பட்டையை இழுத்து அதட்டினேன். நீங்கள்தான் 'ஆல்ஃபா' என்று நாய்க்குக் காட்டுங்கள் என்றது ஒரு யூடியூப் வீடியோ. மூன்றே மாதத்தில் உறுமலை நிறுத்திவிட்டான். எனக்கு ஒரே பெருமை.

ஒரு ஞாயிறு, வாலாட்டிக்கொண்டு நின்றவன், ஓடிவந்த பீகிளின் காதைக் கடித்துவிட்டான். நாலு தையல். "வாலெல்லாம் ஆட்டிட்டு சும்மாதானே நின்னான்" என்றேன். யாரும் நம்பவில்லை. பூங்காவுக்குப் போவதை நிறுத்திவிட்டோம்.

அடுத்த வாரம் ஆபீஸ் நண்பன் தன் ஊரான பழவேற்காட்டுக்குக் கூப்பிட்டான். வேறு யாரிடமும் விட முடியாததால் மணியையும் காரில் ஏற்றிக்கொண்டேன்.

ஏரியில் யார் எந்த நாள் எங்கே வலை போடுவது என்று முறை வைத்துக்கொள்ளும் 'பாடு' வழக்கம் உள்ள ஊர் அது. கரையில் இருந்த நாய்களும் அப்படித்தான் ஆளுக்கொரு இடம் பிரித்துக்கொண்டு படுத்திருந்தன. அதில் ஒரு செம்பழுப்புப் பெட்டை நாய் எழுந்து மணியிடம் வந்தது. நேராக வரவில்லை. மண்ணை மோந்தபடி, முகத்தைத் திருப்பிக்கொண்டு, வளைந்து வந்தது. மணியின் வால் விறைத்து நின்று வேகமாக ஆடியது. நான் சங்கிலியைச் சுருக்கிப் பிடித்தேன்.

நண்பனின் அம்மா வலையிலிருந்து நண்டு பிரித்துக்கொண்டிருந்தார். "சங்கிலிய இறுக்காத தம்பி. நீ பயந்தா அதுவும் பயந்துக்கும்."

தளர்த்தினேன். நெருங்கி வந்த அந்த நாய் உறுமியது. மணி தலையைத் திருப்பினான், ஒரு கொட்டாவி விட்டான், இரண்டடி பின்னால் போய் உட்கார்ந்தான். அவ்வளவுதான்.

"அத அதட்ட மாட்டீங்களாம்மா?"

"எதுக்கு? கிட்ட வராதன்னு சொல்லுது. சொல்லாம கடிச்சாதானே வம்பு."

எனக்குச் சுருக்கென்றது. மணியும் அதைத்தானே சொல்லிக்கொண்டிருந்தான்? ஆபீசில் எச்சரிக்கைச் செய்திகளை அணைத்து வைத்துவிட்டு, சர்வர் விழுந்ததும் 'ஒரு அறிகுறியும் இல்லையே' என்று விழிப்பவர்களை எவ்வளவு திட்டியிருக்கிறேன். வீட்டில் அதையேதான் செய்திருக்கிறேன்.

ஊர் திரும்பியதும் தேடித் தேடிப் படித்தேன். ஆல்ஃபா கதை, கூண்டில் அடைத்த ஓநாய்களைப் பார்த்து 1947இல் ருடால்ஃப் ஷென்கெல் எழுதியதிலிருந்து வளர்ந்தது. 1970இல் தன் புத்தகத்தில் அதைப் பரப்பிய டேவிட் மெக், காட்டு ஓநாய்க் கூட்டம் பெரும்பாலும் அப்பா, அம்மா, பிள்ளைகள் கொண்ட குடும்பம்தான் என்று 1999இல் திருத்தி எழுதினார். வாலாட்டுவதும் எப்போதும் சந்தோஷம் இல்லை. முதலாளியைப் பார்க்கும்போது வால் வலப்பக்கமும், பழக்கமில்லாத முரட்டு நாயைப் பார்க்கும்போது இடப்பக்கமும் அதிகம் சாய்வதை 2007இல் இத்தாலிய ஆய்வாளர்கள் கண்டார்கள்.

பீகிள்காரருக்குப் போன் செய்து, தப்பு மணியுடையது இல்லை, என்னுடையது என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எங்க ஆளும் நேரா மூஞ்சில போய் விழுவான் ப்ரோ" என்றார்.

போன மாதம் மாடிப்படியில் எதிரே ஒரு நாய் வந்தது. மணி என்னை ஒருமுறை பார்த்தான். அப்புறம் தொண்டைக்குள் மெதுவாக, சந்தேகத்தோடு உறுமினான். எட்டு மாதத்துக்குப் பிறகு.

"சரிடா, கேட்டுச்சு" என்று சொல்லி வழிவிட்டு ஒதுங்கினோம்.