தட்டைத் தலையும் வெற்றிலைக் காம்பும்

கைக்குழந்தைகளைக் குப்புற உறங்கவைக்க வேண்டாமென்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 1992இல் அறிவுறுத்தியபின், உறக்கத்தில் நேரும் திடீர் இறப்புகள் குறைந்தன;
பின்மண்டை தட்டையாதலோ பெருகியது.

இணையாத மண்டையெலும்புகள் தொடர் அழுத்தத்திற்கு வளைவதே இதன் காரணம் என்பதால், விழித்திருக்கையில் கண்காணிப்புடன் குப்புறக் கிடத்துவது பயன் தருமேயன்றி, எண்ணெய் தடவித் தலையைப் பிடித்துவிடுவது (பாட்டிமார் பொறுத்தருள்க) பயன் தராது.

மலச்சிக்கலுக்கான கைவைத்தியமும் இத்தகையதே: பிறந்து சில வாரங்கள் கடந்த, தாய்ப்பால் மட்டுமே அருந்தும் குழந்தை பல நாள் மலம் கழிக்காவிடினும், மலம் இளகியிருந்து எடையும் கூடிவந்தால், அது மலச்சிக்கல் அன்று;
மலம் வரவழைக்க நுழைக்கும், விளக்கெண்ணெயில் தோய்த்த வெற்றிலைக் காம்பு ஆசனவாயைப் புண்ணாக்கக்கூடும்.

பச்சை வாந்தியும் வயிற்று உப்பலும் கண்டால், கல்வராயன்மலை வெள்ளிமலையாயினும் கள்ளக்குறிச்சி நகராயினும், காம்பைத் தேடும் நேரத்தில் 108 அவசர ஊர்தியை அழைத்துவிடலாமன்றோ?