சுருக்கித் தொழவா, நிறைவாகத் தொழவா?

இப்னு பதூதா 1344இல் கரையிறங்கிய புத்தளத்தில், 2012இல் ஒருநாள் சுபஹு தொழுதுவிட்டு பஸ் ஏறினேன். மறிச்சுக்கட்டி அங்கிருந்து வடக்கே, வில்பத்துக் காட்டுக்கு அப்பால் இருக்கிறது. அன்று எனக்கு வாய்த்ததோ சுற்றுப் பாதை: அநுராதபுரம், மதவாச்சி, செட்டிகுளம், முருங்கன், சிலாவத்துறை.

பக்கத்தில் இருந்த பெரியவருக்குப் பிறந்த ஊரே மறிச்சுக்கட்டி. 1990 அக்டோபரில் வடக்கு முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றியபோது, உடுத்த துணியோடு புத்தளம் வந்தவர். உப்பளத்தில் கூலிவேலை செய்தே பிள்ளைகளைக் கரையேற்றினாராம்.

மதவாச்சியில் பஸ் மாறினோம். போர்க்காலத்தில் பொதிகளை அவிழ்த்துக் காட்டிய பிறகே வடக்கே போக முடிந்த இடம் அது. 2009இல் போர் ஓய்ந்தது. நாங்கள் நிம்மதியாகத் தேநீர் குடித்தோம்.

முருங்கனில் இறங்கி லுஹரையும் அஸரையும் சேர்த்து, சுருக்கித் தொழுதோம். ஸலாம் கொடுத்ததும் அவர் கேட்டார்: "மௌலவி, ஊருக்குப் போனதும் நான் சுருக்கித் தொழவா, நிறைவாகத் தொழவா?"

"அங்கேயே தங்கிவிடும் நிய்யத்து இருந்தால் நிறைவாகத் தொழுங்கள், காக்கா" என்றேன்.

சட்டம் சொல்வது எளிது. அவர் வீடு நின்ற இடத்தில் இப்போது காடு. பிள்ளைகளோ புத்தளத்தில். அதற்குப் பின் வழி நெடுக அவர் பேசவேயில்லை.

பொழுது சாய்ந்த பிறகே ஊர் சேர்ந்தோம். இஷாவுக்கு என்னை முன்னிறுத்தினார்கள். பயணியான நான் இரண்டு ரக்அத்தில் ஸலாம் கொடுத்துத் திரும்பிப் பார்த்தேன். ஊர்க்காரர்களோடு அவரும் எழுந்து நின்று, நான்கையும் நிறைவு செய்துகொண்டிருந்தார்.

நிறைவாகத் தொழ ஓர் ஊரை அல்லாஹ் எல்லோருக்கும் தருவானாக!