வவுச்சர் எடுப்பீங்களா?

“கிஃப்ட் வவுச்சர் எடுப்பீங்களா?” என்று கேட்டேன். “ஜவுளிக்கடை அடுத்த தெருவுல இருக்கு சார்” என்றார், திண்டிவனம் மேம்பாலத்தை ஒட்டிய அந்த லாட்ஜின் மேனேஜர். ரூம் எடுக்கத்தான் கேட்கிறேன் என்று விளக்கியதும், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு என் போனை வாங்கிப் பார்த்தார். நீளமாக ஒரு நம்பர், கீழே பின் நம்பர், அதற்கும் கீழே ரூபாய் மதிப்பு. “இதை எதுல சார் சொருகுறது?” மேசையில் இருந்தவை ஒரு க்யூஆர் அட்டை, பணம் விழுந்ததைக் கத்திச் சொல்லும் பெட்டி, பெயர், ஊர், வந்த காரணம், வண்டி நம்பர் என்று கோடு போட்ட நீள ரிஜிஸ்டர். அவ்வளவுதான்.

என்னிடம் இருந்தவை இரண்டு. ஒன்று, பெரிய ஹோட்டல் குழுமம் ஒன்றின் 10,000 ரூபாய் கார்டு. மச்சினனுக்கு அலுவலகத்தில் தீபாவளிக்குக் கொடுத்தது. போய்த் தங்க நேரமில்லை என்று என் தலையில் கட்டிவிட்டான். மற்றது பயண ஆப் ஒன்றின் 2,000 ரூபாய் கார்டு. வவுச்சரில் தங்கினால் பாயிண்டும் சேரும், ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று சென்னை நண்பர்கள் ஓயாமல் சொல்கிறார்கள். அங்கே அது நடக்கிறது. நம் பக்கத்து லாட்ஜில் நடக்குமா என்று பார்க்கத்தான் கிளம்பினேன்.

திண்டிவனம், விழுப்புரம் இரண்டு ஊர்களிலும் ரூம் தேடி வருபவர்களுக்குக் குறைவே இல்லை. அமாவாசைக்கு மேல்மலையனூர் அங்காளம்மன், பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை கிரிவலம். 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய செஞ்சிக்கோட்டை திண்டிவனத்திலிருந்து அரை மணி நேர ஓட்டம்தான். விழுப்புரத்துக்குக் கலெக்டர் ஆபீஸும் கோர்ட்டும் ஆள் அனுப்பிக்கொண்டே இருக்கும். சித்திரையில் கூவாகம் திருவிழா நடக்கும் நாட்களில் விழுப்புரத்தில் ரூம் கிடைப்பது குதிரைக்கொம்பு. இவ்வளவு இருந்தும், நான் சுற்றிய தெருக்களில் பெரிய குழுமங்களின் பெயர்ப்பலகை ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. அவர்களுக்குக் கடற்கரை வேண்டும். அது புதுச்சேரியில் இருக்கிறது, இரண்டு ஊர்களிலிருந்தும் ஏறக்குறைய 40 கிலோமீட்டரில். ஆக, குழுமத்தின் கார்டு திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் வெறும் படம். பயண ஆப்பின் கார்டுதான் இங்கே செல்லுபடியாகும். அதுவும் லாட்ஜில் நீட்டுவதற்கில்லை. ஆப்பில் புக் செய்யும்போதே கழித்துக்கொள்ள வேண்டும்.

“ஆப்ல வர்றவங்களுக்கு ரோட்டுப் பக்க ரூம்தான் சார்,” என்றார் மேனேஜர் ஒளிவுமறைவில்லாமல். “உள்பக்கத்தை நேர்ல வர்றவங்களுக்கு வச்சிருப்போம். கமிஷன் போக மீதி எங்க கைக்கு வர நாலு நாள் ஆவுது.” கட்டுகிற வாடகை ஒன்றுதான், தூக்கம் வேறு. நெடுஞ்சாலை லாரி ஹாரனைக் கேட்டவர்களுக்கு இது புரியும்.

விக்கிரவாண்டி டோல்கேட்டைக் கடந்து விழுப்புரம் போய்ச் சேர்ந்தபோது இருட்டிவிட்டது. புது பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நான் நுழைந்த லாட்ஜில் எனக்கு முன்னால் ஒரு மெடிக்கல் ரெப் நின்றிருந்தார். தோளில் கனத்த தோல் பை, கையில் போன். புக்கிங்கைக் காட்டினார், ஆதார் ஜெராக்ஸைக் கொடுத்தார், சாவியை வாங்கினார். ஒரு ரூபாய் கைமாறவில்லை. நான் தேடி வந்த ஆள் இவர்தான் என்று டீக்கடைக்கு அழைத்துப் போனேன்.

அவர் கணக்கு இது. கிரெடிட் கார்டு வங்கியின் வெகுமதித் தளத்தில் பயண ஆப்பின் வவுச்சரை நூற்றுக்கு ஆறு ரூபாய் தள்ளுபடியில் வாங்குகிறார். அங்கே வாங்கினால் கார்டில் வழக்கத்தைவிடக் கூடுதலாகப் பாயிண்ட் விழும். அந்த வவுச்சரால் ரூம் போடுகிறார். இதே லாட்ஜில் நேரில் வந்தால் 1,200 ரூபாய், 5 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 1,260. ஆப்பில் எல்லாம் சேர்த்து 1,310. ஆறு சதவீதம் கழித்தால் அவர் கையிலிருந்து போவது சுமார் 1,231. “இருபத்தொன்பது ரூபா மிச்சம் சார். ஒரு டீ, ஒரு வடை. ஆனா மாசத்துக்குப் பத்து ராத்திரி வெளியூர்ல படுக்கிறவனுக்கு அது சேரும். கார்டு பாயிண்ட் தனி.”

லாட்ஜின் பாயிண்ட்? அப்படி ஒன்று கிடையாது. அவருக்குச் சேர்வது வங்கியின் பாயிண்டும் ஆப்பின் பாயிண்டும்தான். ஒரே தொல்லை பில். கம்பெனி அக்கவுண்ட்ஸில் லாட்ஜ் பில்லைக் கேட்பார்கள். லாட்ஜ்காரரோ பணம் என் கைக்கு வரவில்லை, ஆப்பில் கேள் என்பார். ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டாத, ஜிஎஸ்டி பதிவு இல்லாத விடுதியாக இருந்தால், ஆப் வழி வந்த அறைக்கு வரி கட்டும் பொறுப்பே ஆப் நிறுவனத்துடையது. அதனால் ரூம் போட்ட கையோடு ஆப்பிலிருந்தே இன்வாய்ஸை இறக்கிவைத்துக்கொள்கிறார்.

எனக்கு இதைவிட முக்கியமாகப் பட்டது ரிசப்ஷன் சுவரில் இருந்த பலகை: 24 மணி நேர செக்-அவுட். நம் ஊர் லாட்ஜ்களின் பழைய வழக்கம் இது. ராத்திரி ஒன்பதுக்குச் சாவி வாங்கினால் மறுநாள் ராத்திரி ஒன்பது வரை ரூம் உங்களுடையது. ஆப்பில் போட்டால் நண்பகல் 12-க்கு உள்ளே, மறுநாள் 11-க்கு வெளியே. ஒன்பதுக்கு வந்து எட்டுக்கு டாக்டரைப் பார்க்கக் கிளம்பும் ரெப்புக்கு இதில் நஷ்டமில்லை. கிரிவலம் முடித்து விடியற்காலை ஐந்து மணிக்குக் கால் வலியோடு பஸ் இறங்கும் குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். நேரில் போனால் 1,260 ரூபாயில் குளித்து, சாப்பிட்டு, மறுநாள் விடியும்வரை படுத்திருக்கலாம். வவுச்சரோடு போனால் பன்னிரண்டு மணி வரை வராந்தா நாற்காலி, இல்லையென்றால் இன்னொரு நாள் வாடகை. 29 ரூபாய்க்கு இது கட்டுப்படியாகாது. நான் க்யூஆரில் பணம் கட்டி, உள்பக்க ரூமில் படுத்தேன்.

இனி அந்த 10,000 ரூபாய் கார்டு. குழும ஹோட்டல்களில் பாயிண்ட் விழுவதைத் தீர்மானிப்பது எதில் கட்டினோம் என்பதைவிட எங்கே புக் செய்தோம் என்பதுதான். ஹோட்டலின் சொந்தத் தளத்திலோ போனிலோ, உறுப்பினர் எண்ணைக் கொடுத்துப் போட்டால் பாயிண்ட் உண்டு. இடையில் பயண ஆப் வந்தால் பொதுவாக இல்லை. கடைசியில் பில்லை கார்டில் கட்டினாலும், அதே குழுமத்தின் பரிசுக் கார்டில் கட்டினாலும் அது பணம்தான். ஆனால் ஏற்கெனவே சேர்த்த பாயிண்டைக் கொடுத்தோ, இலவச இரவுச் சான்றிதழைக் கொடுத்தோ தங்கினால் அந்த வாடகைக்கு மறுபடி பாயிண்ட் விழாது. பரிசுக் கார்டு, இலவச இரவுச் சான்றிதழ் இரண்டுக்கும் வவுச்சர் என்றே பெயர் வைத்துக் குழப்புகிறார்கள். மேரியட் குழுமத்தின் உறுப்பினர் திட்டமான பான்வாயில் பெரும்பாலான ஹோட்டல்களில் ஒரு டாலர் செலவுக்கு 10 பாயிண்ட், வரிக்கு முந்தைய தொகைக்கு. 24 மாதம் கணக்கில் அசைவே இல்லாவிட்டால் அத்தனையும் போய்விடும். டாடா குழும ஹோட்டல்களில் பாயிண்டாக விழும் நியூகாயின் ஒன்று ஒரு ரூபாய் என்பதால் கணக்குப் பார்க்க எளிது.

கார்டின் கெடு தனிக் கதை. வங்கிகளும் வாலட் நிறுவனங்களும் வெளியிடும் பரிசுக் கார்டுக்கு ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது: 10,000 ரூபாய்க்கு மேல் கூடாது, மறுபடி நிரப்ப முடியாது, ரொக்கமாக எடுக்க முடியாது. ஒரு நிறுவனம் தன்னிடம் மட்டும் செல்லும்படி வெளியிடும் கார்டுக்கு அந்த வங்கியின் அனுமதியே தேவையில்லை. அதனால் கெடு எப்போது, மீதியை என்ன செய்வது என்பதெல்லாம் அந்த நிறுவனம் பொடி எழுத்தில் போட்டதுதான் சட்டம். புக்கிங்கை ரத்து செய்தால் பணம் வங்கிக்கு வராமல் பெரும்பாலும் கார்டுக்கே திரும்பும். கெடு முடியும் மாதத்தில் ரத்து செய்பவர் பாடு திண்டாட்டம். என் கார்டு மீதியை வைத்துக்கொள்ளும் வகை. நல்ல காலம்.

காலையில் லாட்ஜில் இருந்தபடியே அந்தக் குழுமத்தின் புதுச்சேரி ஹோட்டலுக்கு போன் போட்டேன். சனிக்கிழமை வாடகை 9,000, வார நாளில் 6,500 என்றார்கள். ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரை 5 சதவீத ஜிஎஸ்டி, தாண்டினால் 18. சனிக்கிழமை போனால் 10,620 ஆகிறது, கார்டுக்கு மேல் 620 கைக்காசு. செவ்வாய்க்கிழமை 6,825-ல் முடிகிறது, மீதி 3,175. ராத்திரிச் சாப்பாட்டை ரூம் பில்லில் ஏற்றினால் அதற்கும் பாயிண்ட் உண்டா என்று கேட்டேன். உண்டு என்றார் ரிசப்ஷனில் இருந்த பெண், வவுச்சரில் கட்டப் போகிறேன் என்பதை மட்டும் செக்-இன்னிலேயே சொல்லிவிடுங்கள் என்றார். செவ்வாய்க்கிழமைக்கே போடச் சொன்னேன்.