தேன்பழ மரத்தில் இரண்டு பந்தி

மார்ச் மாதம், மாலை ஆறேகால் மணி. ரேஷன் கடைக்குப் பின்னால் நிற்கும் தேன்பழ மரத்தில் ஒரு ஜோடி கொண்டைக்குருவிகள் முதல் பந்தியை முடித்துக்கொண்டிருக்கின்றன. கருத்த தலை, சிலிர்த்த கொண்டை, வாலடியில் குங்குமச் சிவப்பு. சிவந்த பழமாகப் பார்த்துக் கொத்துகின்றன, பச்சைக்காயைச் சீண்டுவதில்லை. இடையிடையே தெளிந்த குரலில் ஒரு கூப்பாடு. பையோடு வரிசையில் நிற்கும் அம்மா அண்ணாந்து பார்த்துச் சிரிக்கிறார்.

தெருவிளக்கு எரிந்ததும் குருவிகள் அடங்கிவிடுகின்றன. கொஞ்ச நேரம் மரம் சும்மா நிற்கிறது. பிறகு இலைகளுக்குள் சடசடப்பு. குட்டைமூக்குப் பழந்தின்னி வௌவால். எடையில் இதுவும் குருவியும் ஏறக்குறைய ஒன்றுதான், 40 கிராம் அளவு. விளக்கின் குறுக்கே வரும்போதுதான் ஆளைப் பார்க்க முடிகிறது: கரிய சவ்வு, அதில் வெளிறிய கோடுகளாக நீண்ட விரலெலும்புகள். பூச்சி பிடிக்கும் வௌவாலைப்போல் இது கீச்சொலி எழுப்பி எதிரொலியால் இரை தேடுவதில்லை. பெரிய கண்ணும் மோப்பமும் அதற்குப் போதும். மரத்தை ஒரு சுற்று, கிளையில் ஒரு கணத் தொங்கல், வாயில் பழம், உடனே புறப்பாடு. சாப்பாடு வேறு மரத்தில். கொய்யாவென்றால் சாற்றை உறிஞ்சிச் சக்கையைத் துப்பும். தேன்பழம் மிருதுவானது, மணல்போன்ற விதைகளோடு உள்ளே போய்விடும். குருவியும் வௌவாலும் போட்ட விதைதான் சாக்கடைச் சுவரிலெல்லாம் கன்றாக முளைத்து நிற்கிறது.

"சனியன், வந்துருச்சு பாரு" என்று ஒரு பையன் கல்லை எடுக்கிறான். அவனை மட்டும் குறை சொல்ல எனக்கு மனமில்லை. 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டமே பழந்தின்னி வௌவால்களை எலியோடும் காக்கையோடும் சேர்த்துத் தீங்குயிர்ப் பட்டியலில் போட்டிருந்தது. அந்தப் பட்டியல் 2022 திருத்தத்தில்தான் ஒழிந்தது.

கடைக்கு எதிர்வீட்டு நெட்டிலிங்க மரத்தில் இவற்றின் கூடாரம் இருக்கிறது. ஆண் வௌவால் தழையையும் சிறு குச்சிகளையும் பல்லால் கடித்து நீக்கி உள்ளே குடைந்து அமைத்த இடம். குருவி இரண்டு மூன்று முட்டையிடும், தாயும் தகப்பனும் இரை ஊட்டும். வௌவாலுக்கு ஓர் ஈற்றில் ஒரே குட்டிதான். அதைத் தாய் மாரோடு சுமந்து பறக்கிறது.

எச்சம் விழுந்து சுவர் கறையாகிறதென்று அந்தத் தழையை வெட்ட வீட்டுக்காரர் ஆள் சொல்லியிருக்கிறார். குட்டிகள் பால் குடிக்கும் சமயம் இது. இரண்டு மாதம் பொறுத்தால் அவை தாமாகவே பறந்துவிடும்.