கேபிளும் சங்கமும்

ஒரு பொருளை வாங்குவது எளிது. அதை யார் அருகில் வைப்பது என்பதில்தான் தொல்லை தொடங்குகிறது. தில்லியில் நம் சங்க அறைக்கு லேசர் பிரிண்டர் வந்தபோது இதை நன்கு கண்டேன். அதன் முதுகில் இரண்டு துளைகள். ஒன்று சதுரமான யு.எஸ்.பி.; மற்றொன்று ஈதர்நெட். எதில் கேபிளை மாட்டுவது என்று செயற்குழு ஒரு மாலை முழுதும் வாதிட்டது.

மூத்த மாணவர் ஒருவர், "யு.எஸ்.பி. 2.0 நொடிக்கு 480 மெகாபிட் கடத்தும். இந்தப் பிரிண்டரின் ஈதர்நெட்டோ 100தான். யோசிக்க என்ன இருக்கிறது?" என்றார். கேட்க நியாயமாகவே இருந்தது. ஆனால் நம் பிரிண்டர் நிமிடத்திற்கு 20 பக்கம்தான் அடிக்கும். பக்கத்திற்கு ஒரு மெகாபைட் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் நொடிக்கு 3 மெகாபிட்கூடத் தேவைப்படாது. மடை சிறிதாயிருக்க, வாய்க்கால் எவ்வளவு அகலமாயிருந்து என்ன பயன்?

தூரத்தையும் ஆட்களையும் பாருங்கள் என்றேன். யு.எஸ்.பி. 2.0 கேபிள் 5 மீட்டருக்கு மேல் நீளலாகாது. ஈதர்நெட் கேபிள் 100 மீட்டர் வரை போகும். முன்னது பிரிண்டரை ஒரு கம்ப்யூட்டருக்கு மணமுடித்துக் கொடுக்கிறது. பின்னது அதை ஊர்ப் பொதுக்கிணறாக்குகிறது. 1970இல் சென்ட்ரானிக்ஸ் நிறுவனம் கொண்டுவந்த 36 முனைப் பேரலல் இணைப்பும் ஒரு கம்ப்யூட்டருக்கு ஒரு பிரிண்டர் என்ற ஏற்பாடே. 1996இல் வந்த யு.எஸ்.பி., கேபிளை மெல்லியதாக்கிற்று, ஏற்பாட்டை மாற்றவில்லை.

எனினும் வாக்கெடுப்பில் யு.எஸ்.பி.யே வென்றது. செயலாளரின் லேப்டாப்பில் மாட்டினார்கள். தீபாவளி வந்தது; செயலாளர் லேப்டாப்புடன் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஏறிவிட்டார்.

அந்த வாரம் முதலாண்டுத் தம்பி ஒருவன் மூச்சிரைக்க வந்தான். உதவித்தொகை மனுவை மாலை ஐந்து மணிக்குள் கொடுக்கவேண்டுமாம். தாள் இருந்தது; டோனர் இருந்தது; மின்சாரமும் இருந்தது. ஆனால் அவன் லேப்டாப்பில் இருந்ததெல்லாம் சி டைப் துளைகள். கேபிளின் முனையோ பழைய தட்டை வடிவம். "வெளியே கடையில் கேட்கலாம் என்றால் எனக்கு இந்தி வராதே, அண்ணா" என்றான். அந்தப் பணம் வராவிட்டால் விடுதிக் கட்டணம் கட்ட வழியில்லை என்பதை அவன் சொல்லவில்லை, முகம் சொல்லிற்று. இருவரும் ஓடி அடாப்டர் வாங்கி வந்தோம். மணி நாலே முக்காலுக்கு மனு போய்ச் சேர்ந்தது.

அடுத்த கூட்டத்தில் ஈதர்நெட் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறிற்று. கம்ப்யூட்டர் சென்டரில் அனுமதி பெற்று, பிரிண்டருக்கு மாறாத ஐ.பி. முகவரி வாங்கினோம். அமைப்புகளை எவரும் மாற்றாதிருக்கக் கடவுச்சொல்லும் இட்டோம். பொதுக்கிணற்றுக்கும் கைப்பிடிச்சுவர் வேண்டுமன்றோ!

அன்பர்களே, தனியறையில் ஒருவரே அச்சடிப்பதாயின் யு.எஸ்.பி. போதும், மாட்டியதும் பெரும்பாலும் வேலை முடிந்துவிடும். பலர் கூடும் இடத்திற்குக் கேபிள் வாங்குமுன் தலைகளை எண்ணுங்கள். புதிதாய் வந்து கூசி நிற்பவனையும் சேர்த்து எண்ணுங்கள். இப்போது நம் வளாக நெட்வொர்க்கில் உள்ள உறுப்பினர் எவரும் தம் லேப்டாப்பிலிருந்தே அச்சடிக்கலாம். தாள் மட்டும் அவரவர் கொண்டு வருக!