வயோலா

வில்லால் இசைக்கும் கருவிகளில் வயலினை அறியாதார் இலர். மேனாட்டு இசையரங்கில் அதன் அருகிலேயே அமர்ந்திருக்கும் வயோலாவை அறிந்தவரோ சிலரே. நால்வர் கூடி இசைக்கும் குழுவில் இருவர் வயலின் வாசிப்பர். ஒருவர் செல்லோ என்னும் பெரிய கருவியை முழங்கால்களுக்கு இடையே நிறுத்தி வாசிப்பார். எஞ்சிய ஒருவர் ஏந்தியிருப்பதே வயோலா.

பார்வைக்கு அது வயலினே போலும்! ஆயினும் வயலினின் உடல் ஏறத்தாழ 36 சென்டிமீட்டர் நீளமுடையது. வயோலாவின் உடல் பெரும்பாலும் 38 முதல் 43 சென்டிமீட்டர் வரை இருக்கும். இரண்டிற்கும் தந்திகள் நான்கே. வயலினின் கீழ்த் தந்திகள் மூன்றும் எழுப்பும் சுரங்களையே வயோலாவின் மேல் தந்திகள் மூன்றும் எழுப்பும். வயலினின் மிக உயர்ந்த தந்தி வயோலாவில் இல்லை. அதற்கு ஈடாகத் தாழ்ந்த தந்தி ஒன்று அடியில் அமைந்துள்ளது.

அத்தாழ்ந்த ஒலி வயலினைப் போல நிறைந்து முழங்க வேண்டுமாயின், கருவியின் உடல் 53 சென்டிமீட்டர் அளவு நீண்டிருத்தல் வேண்டும். அத்துணைப் பெரிய கருவியை மோவாயின் கீழ்த் தாங்கி வாசித்தல் எளிதோ? மனிதனின் கைக்கு அடங்குமாறு வயோலா தன் உருவைக் குறுக்கிக்கொண்டது. அதனால் அதன் ஒலி சற்றே மங்கியது. அம்மங்கலிலேதான் கனிவும் உருக்கமும் பிறந்தன.

குழுவிசையைக் கேட்போரின் செவி முதலில் வயலினையே நாடும். அடுத்துச் செல்லோவை உணரும். பலமுறை கேட்ட பின்னரே நடுவில் ஓடும் வயோலாவின் குரல் புலப்படும். இசைமேதை மோட்சார்ட் நண்பர்களோடு கூடி வாசிக்கையில் இந்நடுக்குரலையே விரும்பி ஏற்றார்.

பிரெஞ்சு இசைப் புலவர் பெர்லியோஸ் 1834ஆம் ஆண்டில் ‘இத்தாலியில் ஹரால்டு’ என்னும் படைப்பை இயற்றினார். தம்மிடமிருந்த சிறந்த வயோலாவில் வாசிப்பதற்கென ஒரு படைப்பை வேண்டியவர், வயலின் வேந்தர் பாகனினி. ஆனால், வயோலா அடிக்கடி அமைதி காக்குமாறு அது அமைந்திருந்தது கண்டு அவர் மனம் கொள்ளவில்லை. தம் திறமை முழுவதும் வெளிப்பட அதில் இடமில்லை எனக் கருதினார். பின்னர் 1838ஆம் ஆண்டில் அப்படைப்பு அரங்கில் ஒலிக்கக் கேட்டார். உள்ளம் உருகிப் பெர்லியோசின் முன் மண்டியிட்டார். 20,000 பிராங்கும் பரிசாக அனுப்பினார்.

அமைதி காத்து, உரிய இடத்தில் ஒலிக்கும் குரலின் அருமையை அம்மேதையும் கேட்டபின்னரே உணர்ந்தார். வயோலாவை அறிய விரும்புவோர்க்கு வேண்டுவது பொறுமையுடன் கேட்கும் செவியே ஆகும்.