மாப்பிள்ளையின் நீலநிற அட்டை

லண்டனுக்குத் தெற்கே, சவுத் கிராய்டனில் இருக்கிறது என் மகள் வீடு. போன வருடம் அங்கே போயிருந்தபோது, முதல் நாளே அடுப்பில் ஒரு பாத்திரம் தண்ணீரைக் கொதிக்க வைத்தேன்.

"அப்பா, இங்க பைப் தண்ணியையே குடிக்கலாம்" என்றாள் மகள்.

"நீங்க ரெண்டு பேரும் குடிங்கம்மா. எனக்குப் பழக்கம் விடல" என்றேன்.

முப்பது வருடங்களுக்கு மேல் ஒரு நகராட்சியில் சுகாதார ஆய்வாளராக இருந்தவன் நான். எந்த ஊருக்குப் போனாலும் குழாயைத் திறந்ததும் பிளீச்சிங் பவுடர் வாசனை வருகிறதா என்று என் மூக்கு தேடும்.

மாப்பிள்ளைக்கு அங்கே குடிநீர்க் குழாய் பதிக்கும் வேலை. ஒருநாள் மாலை, சாவியோடு அவர் மேஜையில் வைத்த நீலநிற அட்டை கண்ணில் பட்டது.

"இது என்ன மாப்பிள்ளை?"

"ப்ளூ கார்டு மாமா. இது இல்லாம குடிதண்ணி இருக்கிற இடத்துல வேலைக்கு விட மாட்டாங்க. இதுக்கு ஒரு கிளாஸ் உண்டு. டைஃபாய்டு வந்திருக்கா, வயித்துப்போக்கு இருக்கான்னு எல்லாம் கேட்பாங்க. அந்த கிளாஸ்லதான் நம்ம ஊர்க் கதையைச் சொன்னாங்க."

"நம்ம ஊர்க் கதையா?"

"இந்த ஊர்தான் மாமா. கிராய்டன், 1937."

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மகளின் டேப்லெட்டை வாங்கி, விடியும்வரை அந்தக் கதையைப் படித்தேன்.

அப்போது கிராய்டன், லண்டனை ஒட்டிய பெரிய புறநகர். இரண்டு லட்சம் பேருக்கு மேல் வசித்தார்கள். சொந்த நகராட்சி, சொந்தக் குடிநீர். பூமிக்கடியில் உள்ள சுண்ணாம்புப் பாறையில் ஊறி வரும் தண்ணீர், பார்க்கக் கண்ணாடி மாதிரி இருக்கும். அதைக் கொடுத்த கிணறுகளில் ஒன்று ஆடிங்டன் கிணறு.

1937 இலையுதிர் காலத்தில் அந்தக் கிணற்றுக்குள் ஆட்கள் இறங்கிப் பராமரிப்பு வேலை செய்தார்கள். அவர்களில் ஒருவருக்கு முதல் உலகப்போர்க் காலத்தில் டைஃபாய்டு வந்து குணமாகியிருந்தது. ஆள் ஆரோக்கியமாகத்தான் இருந்தார். ஆனால், கிருமி மட்டும் உடம்பை விட்டுப் போகவில்லை. அது அவருக்கே தெரியாது.

அதோடு போயிருந்தால்கூட ஆபத்து இல்லை. குளோரின் கிருமியைக் கொன்றிருக்கும். ஆனால், அந்த வேலை நடந்த நாள்களில் வடிகட்டுவதும் குளோரின் கலப்பதும் நிறுத்தப்பட்டிருந்தன. அந்தத் தண்ணீர் அப்படியே வீடுகளுக்கும் போனது.

341 பேருக்குக் காய்ச்சல். 43 பேர் இறந்தார்கள். டைஃபாய்டைக் குணமாக்கும் குளோரம்பெனிகால் மருந்து வருவதற்கு இன்னும் பத்து வருடங்களுக்கு மேல் இருந்தது.

நகராட்சி சுகாதார அதிகாரி என்ன செய்துகொண்டிருந்தார்? அவருக்கு அந்தக் கிணற்றில் வேலை நடப்பதே தெரியாது. பொறியாளர் பிரிவு சொல்லவில்லை. குளோரின் நின்றதும் அவர் காதுக்கு வரவில்லை. பாதிக்கப்பட்ட மக்கள் குழுவாகச் சேர்ந்து குரல் கொடுத்தார்கள். பொது விசாரணை நடந்தது. அதிகாரிகள் ஒருவருக்கொருவர் தகவல் சொல்லிக்கொள்ளாததும் விசாரணையில் வெளியே வந்தது.

டைஃபாய்டு வந்த ஒரு சிறுமியும் அவள் தந்தையும் நகராட்சிமீது வழக்குப் போட்டார்கள். நகராட்சி கவனக்குறைவாக நடந்துகொண்டது என்று 1938-ல் தீர்ப்பு வந்தது.

இந்த இடத்தில் டேப்லெட்டைக் கீழே வைத்துவிட்டேன். ஏனென்றால் நானும் ஒரு பெண்ணைப் பெற்ற தகப்பன்.

1991, ஐப்பசி மழை. எங்கள் ஊரில் மேல்நிலைத் தொட்டிக்குப் போகும் குழாய் உடைந்து, பொறியியல் பிரிவு சரிசெய்துகொண்டிருந்தது. குளோரின் கலக்கும் கருவியையும் கழற்றி வைத்திருந்தார்கள். சனிக்கிழமை மாலை, டீக்கடையில் ஃபிட்டர் போகிறபோக்கில் சொன்னார்: "ரெண்டு நாளைக்கு மருந்து போகாது சார்."

அவர்கள் பிரிவுக்கும் எங்கள் பிரிவுக்கும் அப்போது பேச்சுவார்த்தை இல்லை. 'எழுத்துல வரட்டும், திங்கட்கிழமை பார்த்துக்கலாம்' என்று வீம்பாக இருந்துவிட்டேன். பிளீச்சிங் பவுடரைக் கையால் கரைத்தே தொட்டியில் ஊற்றியிருக்கலாம். மூட்டை என் ஸ்டோரில்தான் இருந்தது.

இரண்டு வாரம் கழித்து மூன்று தெருக்களில் டைஃபாய்டு. அதில் ஒரு வீடு என் வீடு. என் மகளுக்கு அப்போது ஏழு வயது. பதினெட்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். எல்லோரும் பிழைத்தார்கள், மருந்து இருந்தது. அந்தத் தண்ணீர்தான் காரணம் என்று யாரும் நிரூபிக்கவில்லை. பழி மழைமேல் போனது. என் பெயர் எந்தக் கோப்பிலும் இல்லை. கிராய்டன் தகப்பன் வழக்குப் போட்டார். நான் யார்மேல் போடுவது?

அடுத்து வந்த நாள்களில் வேறு அறிக்கைகளையும் தேடிப் படித்தேன். லண்டன் பகுதி சுகாதார அதிகாரிகள் 1848-லிருந்து 1972வரை எழுதிய ஆண்டறிக்கைகளை வெல்கம் நூலகம் இணையத்தில் போட்டிருக்கிறது. 1950-களின் அறிக்கைகள் சுவாரஸ்யமானவை. எத்தனை குழந்தைகளுக்குத் தொண்டை அடைப்பான் தடுப்பூசி போட்டார்கள், ஐஸ்கிரீம் பரிசோதனையில் என்ன தெரிந்தது, எலி ஒழிப்பு எப்படி நடந்தது... எல்லாவற்றுக்கும் கணக்கு. 1952 டிசம்பரில் லண்டனைப் புகைமூட்டம் மூடி, ஆயிரக்கணக்கானோர் இறந்த பிறகு 1956-ல் தூய காற்றுச் சட்டம் வந்தது. அதன்பின் கரி அடுப்பை மாற்ற வீட்டுக்காரர்களுக்கு நகராட்சியே பணம் கொடுத்தது.

குடிநீருக்கும் அதில் தனி இடம் உண்டு. எடுத்த மாதிரிகள் இத்தனை, முடிவு இது என்று வருடா வருடம் எழுதிவைத்தார்கள். இப்படிப்பட்ட காகிதங்களை நானும் நூற்றுக்கணக்கில் அலுப்போடு நிரப்பியிருக்கிறேன். ஒரு பிரிவு இன்னொரு பிரிவுக்கு மறக்காமல் தகவல் சொல்ல இருக்கும் வழி அதுதான் என்பது எழுபது வயதில்தான் உறைத்தது.

கிளம்புவதற்கு முதல் நாள் மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்ச நேரம் அவள் பேசவில்லை.

"ஆஸ்பத்திரியில ராத்திரி பூரா நீங்கதான் உட்கார்ந்திருப்பீங்க. அம்மா மாத்திக்கிறேன்னு சொன்னாக்கூட எழுந்திருக்க மாட்டீங்க. ஏன்னு இப்பதான் தெரியுதுப்பா" என்றாள்.

பிறகு குழாயைத் திறந்து ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்து என்னிடம் நீட்டினாள். குடித்தேன்.

ஊர் திரும்பிய இரண்டாவது வாரம், எங்கள் தெரு முனையில் குழாய்க்காகப் பள்ளம் தோண்டியிருந்தார்கள். பக்கத்தில் ஓர் இளம் பொறியாளர் நின்றிருந்தார்.

"தம்பி, வேலை முடியறவரைக்கும் குளோரின் போகுமா? சுகாதாரப் பிரிவுக்குச் சொல்லிட்டீங்களா?"

"இன்னும் இல்ல சார். சொல்லணும்."

"இப்பவே போன் போடுங்க தம்பி. நான் நிக்கிறேன்."

என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஆனால், போட்டார்.